96 புல்ஸா, 17 வாரியர்ஸா? எந்த விதிப்புத்தகம் என்று முதலில் சொல்லுங்கள்

2017 ஜூனில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையை கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் தூக்கிய சமயத்தில், பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து "எங்கள் அணி இவர்களை ஊதித் தள்ளியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய எண்பதுகளின் லேக்கர்ஸ் ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் ஜெயித்திருக்கும் என்கிற அளவுக்குப் போனார் மேஜிக் ஜான்சன். வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர்ரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர் மறுக்கவே இல்லை. ஆமாம், அவர்கள் எல்லாருமே எங்களை நொறுக்கிவிடுவார்கள், ஐம்பதுகளில் ஆடியவர்கள் இன்னும் மோசமாகத் துவைத்திருப்பார்கள், விளையாட்டில் மட்டும் மனித இனத்தின் பரிணாமம் எப்படியோ தலைகீழாக நடக்கிறது என்றார்.

கிண்டல்தான். ஆனால் அதைச் செய்ய அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. 1995-96 சீசனில் 72 வெற்றி, 10 தோல்வி என்று முடித்த சிகாகோ புல்ஸில், பெஞ்சிலிருந்து இறங்கி, தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி போட்டுக்கொண்டிருந்தவர் கெர். இருபது வருடம் கழித்து 73-9 என்று அந்தச் சாதனையை முறியடித்த வாரியர்ஸின் தலைமைக் கோச்சும் அவரே. ஒப்பிடப்படுகிற இரண்டு அணிகளின் உடைமாற்றும் அறையிலும் உட்கார்ந்திருந்த ஆள் அவர்.

அந்த 73 வெற்றி அணி கடைசியில் கோப்பையை வாங்கவில்லை. 2016 இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கிளீவ்லேண்டிடம் 4-3 என்று தோற்றது. அடுத்த மாதமே கெவின் டுரான்ட் வந்து சேர்ந்தார். 2016-17இல் 67-15, பிளே ஆஃபில் 16-1. தோற்ற அந்த ஒரே ஆட்டம் இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். புல்ஸுக்கு எதிரே நிறுத்த வேண்டியது இந்த அணியைத்தான். சாம்பியனோடு சாம்பியன் மோதுவதுதான் நியாயம். அதோடு, டுரான்ட் இருக்கும் வாரியர்ஸ்தான் கூடுதல் பலசாலி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தப் பக்கம் புல்ஸ்: சீசனில் 72-10, பிளே ஆஃபில் 15-3. மொத்தம் நூறு ஆட்டங்களில் பதின்மூன்றே தோல்வி. அந்த வருடம் மைக்கேல் ஜோர்டன் ஆட்டத்துக்கு சராசரி 30.4 புள்ளி. சீசன், ஆல் ஸ்டார், இறுதித் தொடர் என மூன்று எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்) விருதும் அவருக்கே. பக்கத்தில் ஸ்காட்டி பிப்பன். ஆட்டத்துக்கு 14.9 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடித்த டென்னிஸ் ராட்மன். ரான் ஹார்ப்பர், டோனி குகோச், லூக் லாங்லி. ஓரத்தில் கோச் பில் ஜாக்சன், அவருக்குப் பக்கத்தில் முக்கோண ஆட்டமுறையைக் கற்றுக்கொடுத்த டெக்ஸ் வின்டர்.

யார் ஜெயிப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். பழைய ஆள் என்றால், "அந்தக் காலத்து விதியில் ஆடச் சொல்லுங்கள், வாரியர்ஸின் கர்ரியை ஜோர்டன் கையாலேயே பிடித்து நிறுத்திவிடுவார்" என்பார். புதிய ஆள் என்றால், "இந்தக் காலத்து விதியில் ஆடச் சொல்லுங்கள், மூன்று புள்ளி எறிதலாலேயே கதை முடிந்துவிடும்" என்பார். இரண்டு பேருமே விதிப்புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கட்சி. 1996 விதிகளில் வாரியர்ஸுக்குச் சாதகமான விஷயங்கள் நிறைய உண்டு. 2017 விதிகளில் புல்ஸுக்குச் சாதகமானவையும் உண்டு.

எண்கள் எதுவரை வரும்?

ஓர் அணி சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது என்பதுதான் இந்த மாதிரி வாதங்களில் முதலில் எடுக்கப்படும் ஆயுதம். புல்ஸ் 12.2, வாரியர்ஸ் 11.6. கிட்டத்தட்ட சமம்போலத் தெரியும். ஆனால் 1996 புல்ஸ் ஓர் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துத் தாக்கிய வாய்ப்புகள் சுமார் 91. வாரியர்ஸுக்கு அது கிட்டத்தட்ட 100. குறைவான வாய்ப்புகளில் கூடுதல் வித்தியாசம் காட்டியது புல்ஸ். நூறு வாய்ப்புக்கு என்று கணக்குப் போட்டால் புல்ஸுக்கு 13.4 புள்ளி முன்னிலை, வாரியர்ஸுக்கு 11.6. தங்கள் காலத்து அணிகளை யார் அதிகமாக அடக்கி ஆண்டார்கள் என்றால், பதில் புல்ஸ்தான்.

சிக்கல், "தங்கள் காலத்து அணிகளை" என்பதில் இருக்கிறது. சதுரங்கத்தில் நமக்குப் பழக்கமான எலோ தரவரிசையிலும் இதே சிக்கல்தான். சமகாலத்தவரைவிட ஒருவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்பதை அது சொல்லும். அந்தத் தரை எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லாது. 1995இல்தான் டொராண்டோவும் வான்கூவரும் புதிதாக லீக்கில் சேர்ந்தன. 27 அணிகளுக்கு இருந்த ஆட்டக்காரர்களை 29 அணிகளுக்குப் பிரித்துக்கொண்ட வருடம் அது. புல்ஸின் 72 வெற்றியைக் குறைத்துப் பேசுபவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தம்புது டொராண்டோவே 1996 மார்ச்சில் புல்ஸை ஒரு புள்ளியில் வீழ்த்தியது. குள்ளமான, வேகமான டேமன் ஸ்டவுடமைர் என்ற புதுமுகம் அன்று 30 புள்ளி போட்டார். இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், 2016-17 சீசன் தொடங்கியபோது லீக்கில் 41 நாடுகளிலிருந்து 113 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அன்றைக்கு அது ஒரு சாதனை. ஆட்டக்காரர்களைத் தேடுகிற குளம் பெரிதாகிவிட்டது. அதனால் நடுத்தர அணிகளின் தரம் 1996ஐவிட 2017இல் கூடுதல் என்றே நினைக்கிறேன். ஆனால் உச்சியில் இருக்கும் ஐந்து பேரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கோடு எங்கே இருக்கிறது?

இப்போது விதிப்புத்தகத்துக்கு வருவோம். வெளியே நின்று எறிந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு 1979-80 சீசனில்தான் என்.பி.ஏ.வுக்குள் வந்தது. மூலைகளில் 22 அடி, நடுவில் 23 அடி 9 அங்குலம். முதல் சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆட்டங்களில் புள்ளி குறைகிறதே என்று கவலைப்பட்ட லீக், 1994-95இல் கோட்டைச் சுற்றிலும் 22 அடிக்கு இழுத்துவிட்டது. 1996-97 முடியும்வரை அப்படியே இருந்தது. பிறகு பழைய தூரத்துக்கே போய்விட்டது.

ஆக, புல்ஸின் 72 வெற்றி சீசன் அந்தக் குட்டைக் கோட்டுக் காலத்தின் நட்டநடுவில் விழுகிறது. அந்த வருடம் ஜோர்டன் மூன்று புள்ளி எறிதலில் 42.7 சதவீதம். கோடு பின்னால் போன 1997-98இல் 23.8 சதவீதம். பிப்பன் 37.4இலிருந்து 31.8க்கு இறங்கினார். வயதும் ஒரு காரணம்தான், ஆனால் இவ்வளவு பெரிய சரிவுக்கு வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 2017 கோட்டில் ஆடவைத்தால் புல்ஸில் நம்பி எறியக்கூடியவர்கள் கெர்ரும் குகோச்சும்தான்.

சரி, அப்படியானால் 1996 கோட்டில் ஆடலாம் என்று பழைய ஆள் சொல்வார். சொல்லட்டும். ஆனால் 27, 28 அடியிலிருந்து எறிகிற ஸ்டீஃபன் கர்ரிக்கும், எங்கிருந்து வேண்டுமானாலும் எறிகிற கிளே தாம்சனுக்கும், கோட்டை ஒன்றே முக்கால் அடி பக்கத்தில் கொண்டுவந்து கொடுப்பது தண்டனையா, பரிசா? அதைவிட முக்கியமான ஆள் டிரேமண்ட் கிரீன். 2016-17இல் அவருடைய மூன்று புள்ளி விகிதம் வெறும் 30.8. எதிரணிகள் அவரைத் திறந்துவிட்டு மற்றவர்களைக் காவல் காத்தன. குட்டைக் கோட்டில் அவர் எறிவது இன்னும் கொஞ்சம் விழுந்தாலும் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

புல்ஸ் தரப்புக்கு ஒரு சமாதானம் உண்டு. கோடு பக்கத்தில் இருந்தால் தடுப்பவர் ஓடிவர வேண்டிய தூரமும் குறையும். நடு மைதானத்தின் விரிவு சுருங்கும். பிப்பனைப் போல நீளமான கையுள்ளவருக்கு அது பெரிய வித்தியாசம். ஆனாலும் மொத்தத்தில் இந்த விதியால் லாபம் வாரியர்ஸுக்கே.

கையால் தொடுவது, நடுவில் நிற்பது

அடுத்து எல்லாரும் பேசுகிற விஷயம், பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் கையை வைத்து வழிமாற்றுவது. 1996இல் அது முழு சுதந்திரமாக இருந்தது என்பது பாதி கற்பனை. 1994-95லேயே லீக் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆனால் முன்கையை வைத்து அழுத்துவது தொடர்ந்தது. 1997-98இல் அதற்கும் தடை வந்தது. 2004-05இல்தான் நடுவர்கள் உண்மையிலேயே விசில் ஊத ஆரம்பித்தார்கள். அதனால் 1996 நடுவர் நின்றால் ஹார்ப்பரும் ஜோர்டனும் கர்ரியின் மேல் கூடுதலாகக் கையும் முன்கையும் வைக்கலாம். இது புல்ஸுக்கு லாபம்தான். மறுப்பதற்கில்லை.

ஆனால் இதே 1996இல் இன்னொரு விதி இருந்தது. இதை ஏனோ எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஜோன் டிஃபென்ஸ், அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது, அப்போது தடை. ஒன்று உன் ஆளோடு நில், அல்லது பந்து வைத்திருப்பவரிடம் போய் இரட்டைக் காவலாக நில். இரண்டுக்கும் நடுவில் மிதந்துகொண்டு நிற்கக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவையிலிருந்து எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு). 2001-02இல்தான் இந்தத் தடை நீங்கியது. அதற்குப் பதிலாக, யாரையும் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி வந்தது.

இதை டுரான்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஏழு அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. யார் தலைக்கு மேலும் எறியக்கூடியவர். 1996 விதியில் அவரை ஓர் ஓரத்தில் நிறுத்திப் பந்தைக் கொடுத்தால், மற்ற நான்கு புல்ஸ்காரர்களும் தங்கள் தங்கள் ஆளோடு ஒட்டியே நிற்க வேண்டும். அந்த ஆட்களோ கர்ரியும் தாம்சனும். ஒருவரை விட்டு உதவிக்குப் போவதென்றால் முழுசாகப் போயாக வேண்டும், போனால் பின்னால் ஒருவர் தனியாக நிற்பார். தொண்ணூறுகளில் ஜோர்டனைப் போன்றவர்கள் ஒற்றைக்கு ஒற்றை ஆடிப் புள்ளி குவித்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். அதே வசதி டுரான்டுக்கும் கிடைக்கும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2017 விதியில் பிப்பன் எப்படி ஆடியிருப்பார்? தன் ஆளை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பாஸ் போகும் வழிகளில் அலைந்து, நினைத்த நேரத்தில் பாய்ந்து... அந்த மாதிரி தடுப்பாட்டத்துக்கே பிறந்தவர் அவர். விதி அவரைக் கட்டிவைத்திருந்தது. இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டுதான் 2017இல் கிரீன் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். பிப்பனுக்கு அதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே ஆசையாக இருக்கிறது.

அதனால் புல்ஸ் ரசிகர் விதி கேட்பதென்றால், கைவைக்கும் உரிமையை 1996இலிருந்தும், தடுப்பவர் அலையும் உரிமையை 2017இலிருந்தும், 23 அடி 9 அங்குலக் கோட்டையும் கேட்க வேண்டும். "எங்கள் காலத்து விதி" என்று மொத்தமாகக் கேட்டால் அவருக்குப் பாதி லாபம், பாதி நஷ்டம்.

ஒரே ஒரு தாக்குதல்

மேலே சொன்னதெல்லாம் மைதானத்தில் எப்படித் தெரியும்? ஒரு தாக்குதலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கர்ரி பந்தைக் கொண்டுவருகிறார். அவர் முன்னால் ஹார்ப்பர். 6 அடி 6 அங்குலம், கர்ரியைவிட மூன்று அங்குலம் உயரம். கிரீன் வந்து ஸ்க்ரீன் போடுகிறார், அதாவது ஹார்ப்பரின் வழியை மறித்து நிற்கிறார். கிரீனைக் காப்பவர் ராட்மன்.

1996இன் வழக்கமான பதில் என்ன? ராட்மன் ஓர் எட்டு வெளியே வந்து கர்ரியை ஒரு நொடி தாமதப்படுத்திவிட்டு, தன் ஆளிடம் திரும்ப ஓடுவார். அந்த ஒரு நொடி, பந்தைக் கொண்டுவரும் அன்றைய பாயின்ட் கார்டுகளுக்கு எதிராகப் போதும். கர்ரிக்கு எதிராகப் போதாது. ராட்மன் திரும்பிய கணத்தில் பந்து காற்றில் இருக்கும். சரி, இரண்டு பேருமாகக் கர்ரியை மடக்கினால்? பந்து உடனே கிரீனிடம் போகும். நடுவில் கிரீன், ஒரு மூலையில் தாம்சன், மறுமூலையில் டுரான்ட், கூடைக்கு அடியில் ஒருவர். நான்கு பேருக்கு மூன்று பேர் காவல். வாரியர்ஸ் பல வருடம் வயிறு வளர்த்ததே இந்த நாலுக்கு மூன்றில்தான்.

மிச்சமிருக்கும் ஒரே வழி ஸ்விட்ச். ஹார்ப்பர் கிரீனை எடுத்துக்கொள்ள, ராட்மன் கர்ரியை எடுத்துக்கொள்வது. இதை 1996இல் எல்லா அணியாலும் செய்திருக்க முடியாது. புல்ஸால் முடியும். ஹார்ப்பர், ஜோர்டன், பிப்பன், ராட்மன் நால்வருமே 6 அடி 6 அங்குலத்திலிருந்து 6 அடி 8 அங்குலத்துக்குள். நால்வரும் யாரை வேண்டுமானாலும் காக்கக்கூடியவர்கள். ஐந்தாவதாகக் குகோச்சை நிறுத்தினால், கூடைக்குப் பக்கத்தில் ஆடும், உயரமான ஆனால் மெதுவான சென்டர் யாருமே இல்லாத ஓர் ஐவர் அணி கிடைக்கும். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பில் ஜாக்சன் இந்த ஐவரை உண்மையிலேயே இறக்கியிருக்கிறார். 2015க்குப் பிறகு வாரியர்ஸ் கண்டுபிடித்ததாகக் கொண்டாடப்படும் "சென்டர் இல்லாத ஐவர்" உத்தி, புல்ஸின் கையிருப்பிலும் இருந்தது.

பாவம், லாங்லிதான் மாட்டிக்கொள்வார். 7 அடி 2 அங்குலத்தை வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே கர்ரியைத் துரத்துவது நடக்காத காரியம். அவருக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடைத்தால் ஆச்சரியம். வாரியர்ஸின் சென்டர் பச்சூலியாவுக்கும் இதே கதிதான், அதனால் கணக்கு நேர்.

ஆனால் ஸ்விட்ச் செய்துகொண்டே இருப்பதற்குக் கால் வேண்டும். 1996 இறுதித் தொடரின்போது ராட்மனுக்கு 35 வயது, ஜோர்டனுக்கு 33, ஹார்ப்பருக்கு 32. 2017 இறுதித் தொடரில் வாரியர்ஸின் நான்கு தூண்களும் 27இலிருந்து 29க்குள். வேகமாக ஓடி, நிமிடத்துக்கு நிமிடம் ஆளை மாற்றிக் காக்க வேண்டிய தொடரில் இந்த வயது வித்தியாசம் ஐந்தாவது, ஆறாவது ஆட்டத்தில் தெரிய ஆரம்பிக்கும். இதில் ஹார்ப்பரின் முழங்கால் வேறு. சியாட்டிலுக்கு எதிரான இறுதித் தொடரில் 3-0 என்று முன்னிலையில் இருந்த புல்ஸ் நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களைத் தோற்றபோது, அந்த முழங்கால் மக்கர் செய்துகொண்டிருந்தது. கேரி பேட்டன் ஜோர்டனைக் காக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. வேகமான கார்டைக் காக்க ஹார்ப்பர் இல்லாததும் காரணம். ஸ்டவுடமைரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கர்ரிக்கு எதிராக இந்த அணிக்கு மிகவும் தேவைப்படுகிற ஆள் ஜோர்டன் இல்லை, ஹார்ப்பர்.

ராட்மன் என்ற தலைவலி

மறுமுனையில், புல்ஸ் தாக்கும்போது வாரியர்ஸ் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2015 பிளே ஆஃபில் மெம்ஃபிஸிடம் 2-1 என்று பின்தங்கிய வாரியர்ஸ், வெளியிலிருந்து எறிய வராத டோனி ஆலனைக் காக்கும் வேலையைத் தங்கள் சென்டர் ஆண்ட்ரூ போகட்டிடம் கொடுத்தார்கள். போகட் அவரைக் காக்கவே இல்லை. கூடைக்கு அடியில் போய் நின்றுகொண்டார். ஆலன் தனியாக நின்று எறிந்து தவறவிட, மெம்ஃபிஸின் தாக்குதலே திணறிப்போனது. தொடர் 4-2 என்று வாரியர்ஸுக்கு.

ராட்மனுக்கும் இதையே செய்வார்கள். அவர் எறிய மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ஆலனுக்கும் ராட்மனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராட்மன் வெளியே நிற்கவே மாட்டார். ஆட்டத்துக்கு ஐந்தரைக்கும் மேலாக, எதிரணிக் கூடையிலேயே தவறிய பந்துகளைப் பிடித்தவர் அவர். 1996 இறுதித் தொடரின் இரண்டாவது, ஆறாவது ஆட்டங்களில் தலா 11. அவரைக் காக்காமல் விடுவது என்றால், அவர் குதிக்கும்போது முதுகால் தடுக்க யாரும் இல்லை என்று அர்த்தம். கிரீன் ஜோர்டனுக்கு எதிராக உதவிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ராட்மனுக்கு வழி திறக்கும்.

கர்ரியை எங்கே ஒளித்துவைப்பது என்பது அடுத்த கேள்வி. ஹார்ப்பரிடம்தான் விடுவார்கள். உடனே ஜாக்சன் ஹார்ப்பரைக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். முக்கோண ஆட்டமுறையில் யார் வேண்டுமானாலும் அங்கே போய் நிற்கலாம் என்பதுதான் அதன் அழகு. வாரியர்ஸுக்கு இது புதிதாகவும் இருக்காது. பந்தை உள்ளே கொடுத்துவிட்டு இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு வெட்டி ஓடும் அவர்களுடைய பிரபலமான அசைவு, கெர் ஜாக்சனிடம் கற்றுக்கொண்டு போனதுதான். அதனால் இரண்டு அணியும் அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கும்.

ஜோர்டனை யார் காப்பது? தாம்சன் தொடங்குவார், இகுவோடாலா முடிப்பார். இரண்டு பேராலும் அவரை நிறுத்த முடியாது. முப்பது புள்ளி எப்படியும் வரும். அதற்கு எத்தனை எறிதல் செலவாகிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். சியாட்டிலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஜோர்டன் 19 எறிந்து 5தான் போட்டார். ஆனாலும் புல்ஸ் ஜெயித்தது, காரணம் ராட்மன் அன்று பிடித்த 19 ரீபவுண்டு.

பதினாறு புள்ளிப் பள்ளம்

இப்போது முரட்டுத்தனமாக ஒரு கூட்டல் கழித்தல். 2016-17 வாரியர்ஸ் ஆட்டத்துக்கு 12 மூன்று போட்டார்கள், அதாவது 36 புள்ளி. 1995-96 புல்ஸ் 6.6 போட்டார்கள், அதாவது சுமார் 20. பதினாறு புள்ளிப் பள்ளம். அதுவும் புல்ஸின் எண் குட்டைக் கோட்டில் வந்தது.

பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? புல்ஸ் எதிரணிக் கூடையில் பிடித்த ரீபவுண்டு ஆட்டத்துக்கு 15.2, வாரியர்ஸ் 9.4. ஆறு வாய்ப்பு கூடுதல். வாய்ப்புக்கு ஒரு புள்ளி, ஒன்றேகால் புள்ளி என்று வைத்தாலும் சுமார் ஏழு புள்ளிதான் தேறும். பந்தைத் தொலைப்பதில் வாரியர்ஸ் எப்போதுமே கொஞ்சம் அசட்டை. பிப்பனும் ஜோர்டனும் எதிரே நின்றால் அந்த அசட்டைக்கு விலை கூடும். அதில் இன்னும் மூன்று நான்கு. பத்து, பதினொன்று வந்துவிட்டது. மிச்சம் ஐந்தை அடைக்க வேண்டுமென்றால் வாரியர்ஸை மூன்று எறியவிடாமல் தடுத்தாக வேண்டும்.

அது முடியுமா என்பதற்கு நிஜ உலகில் கிடைக்கும் நெருக்கமான சோதனை 2016 மேற்குப் பிரிவு இறுதிதான். நீளமான கைகள், எல்லாரும் ஸ்விட்ச் செய்யக்கூடியவர்கள், ரீபவுண்டில் முரட்டுத்தனம். ஓக்லஹோமா சிட்டி அணி அப்படித்தான் ஆடி வாரியர்ஸை 3-1 என்று பின்னுக்குத் தள்ளியது. ஆறாவது ஆட்டத்திலும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தது. தாம்சன் 11 மூன்று போட்டுவிட்டார். தொடரே கைமாறிப் போனது. எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கலாம் என்பதுதான் இந்த வாரியர்ஸின் பயங்கரம். அந்த ஓக்லஹோமா அணியின் முக்கியமான ஆளான டுரான்ட், அடுத்த சீசனில் வாரியர்ஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார் என்பது இன்னொரு கொடுமை.

சரி, தீர்ப்பு

கால இயந்திரத்தில் ஏற்றி, நாளைக்கே ஆட்டம் என்று இரண்டு அணியையும் இறக்கிவிட்டால், விதி எதுவாக இருந்தாலும் நான் வாரியர்ஸ் பக்கம். ஆறு ஆட்டத்தில் முடியும். 1996 விதியானால் டுரான்ட் தொடர் நாயகன், 2017 விதியானால் கர்ரி. புல்ஸ் ஜெயிக்கும் இரண்டு ஆட்டமும் சிகாகோவில் நடக்கும். அந்த வருடம் சொந்த மைதானத்தில் அவர்கள் 39-2. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் எல்லா ஆட்டத்தையும் எடுத்துவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் 1996இன் காணொளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஜோர்டனின் பின்சாய்ந்து எறிதலைத் தெருவில் பழகிப் பார்க்காதவர் அவர்களில் இருந்திருக்கவே மாட்டார். புல்ஸுக்கோ, 28 அடியிலிருந்து ஓடிக்கொண்டே எறிபவர் என்ற ஓர் உயிரினமே அறிமுகம் கிடையாது. முதல் இரண்டு ஆட்டங்களை அவர்கள் திகைப்பிலேயே தொலைப்பார்கள். அதனால் இன்னொரு நிபந்தனையும் வைக்கலாம். புல்ஸுக்கு 2017இல் ஒரு முழு சீசன் கொடுங்கள். அந்தப் பயிற்சி, அந்தக் காணொளி, அந்தப் புள்ளிவிவர ஆட்கள், அந்த நடுவர்கள், அந்தக் கோடு எல்லாவற்றோடும் 82 ஆட்டம் ஆடிவிட்டு வரட்டும்.

அப்படியானால் நான் கட்சி மாறிவிடுவேன். ஏழு ஆட்டத்தில் புல்ஸ். அலையும் சுதந்திரம் கிடைத்த பிப்பன், சென்டர் இல்லாத அந்த ஐவர், லேசாகக் கைவைத்தாலே விசில் அடிக்கும் உலகத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும் ஜோர்டன். இவற்றோடு இன்னொரு சின்ன மாற்றமும் நடக்கும். 1995-96 சீசன் முழுவதும் 82 ஆட்டங்களில் ஸ்டீவ் கெர் எறிந்த மூன்று வெறும் 237. அதில் 122 விழுந்தன, 51.5 சதவீதம். 2016-17இல் கர்ரி எறிந்தது 789, விகிதம் 41. கோட்டுக்கு வெளியே நின்று இரண்டுக்கு ஒன்று போடுகிற ஓர் ஆளை ஆட்டத்துக்கு மூன்று தடவைகூட எறியவிடாமல் வைத்திருந்தது அந்தக் காலத்து அறிவு. கோடு பின்னால் போனால் அந்த 51 கொஞ்சம் இறங்கும்தான். 1997-98இல் பழைய கோட்டில் அவர் 43.8 சதவீதம் போட்டார். இருந்தால் என்ன, 2017இல் எந்தக் கோச்சாக இருந்தாலும் முதல் நாள் பயிற்சியிலேயே அவரைக் கூப்பிட்டு, ஆட்டத்துக்கு எட்டு தடவையாவது எறி என்று சொல்லியிருப்பார்.